கேள்வி பதில்: ஒரத்துப்பாளையத்தில் தேங்கிய சாயம்

கேள்வி: திருப்பூர் பனியன் தொழில் லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போடுகிறது. எப்போது பார்த்தாலும் சாயக்கழிவு, நொய்யல் ஆறு என்றே எழுதினால் தொழில் எப்படி வளரும்? (வாசகர், அவிநாசி)

பதில்: சோறு போடுகிறது, அதில் மறுபேச்சே இல்லை. மதுரைப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் இருந்து பஸ் ஏறி வந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் நொய்யலை நம்பிச் சாப்பிட்டவர்களும் இருந்தார்களே, அவர்கள் கணக்கை யார் பார்த்தார்கள்? பாசனத்துக்கென்று 1992-ல் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். திருப்பூரின் சாயத் தண்ணீர் வந்து அதில் தேங்கியது, சில வருடங்களிலேயே அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை. தண்ணீர் கேட்டுச் சண்டை போடும் விவசாயிகளைத்தான் பார்த்திருக்கிறோம், வேண்டாம் என்று மன்றாட வைத்தது இந்த அணை. தேங்கியது நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளையும் கெடுத்தது. காய்ந்த வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. இளநீரே கரிக்கிறது என்றார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

கேள்வி: நிறம்தானே பிரச்சினை? அதை எடுத்துவிட்டால் போதாதா? (வாசகி, கரூர்)

பதில்: நிறத்தைவிட உப்புதான் பெரிய தொல்லை. பருத்தி நூலுக்கும் சாயத்துக்கும் தண்ணீரில் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும், அதையும் மீறிச் சாயம் நூலில் ஏற வேண்டுமென்றால் உப்பைக் கொட்டியாக வேண்டும், கறுப்பு, கருநீலம் என்றால் இன்னும் அதிகம். அந்த உப்பு துணியில் ஒட்டாது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டும் நுண்ணுயிர்களை விட்டும் நிறத்தைக் குறைக்கலாம், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். பார்க்கத் தெளிந்த தண்ணீரும் பயிரைக் கருக்கும்.

கேள்வி: இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே? (வாசகர், திருப்பூர்)

பதில்: நிறைய மாறியிருக்கிறது, உண்மை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அது நடந்தது. ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பது விதி. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயம் போடவே எடுத்துக்கொள்கிறார்கள். கரண்டும் விறகும் ஏகமாகச் செலவாகும், பட்டறைக்காரர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் செலவு புதிதாக முளைத்ததா என்ன? இத்தனை வருடம் கிணறு கெட்ட விவசாயி அதைக் கட்டிக்கொண்டிருந்தார், வெளிநாட்டுக் கடையில் டி-ஷர்ட் மலிவாகக் கிடைத்தது. அந்த டி-ஷர்ட்டை வாங்கி விற்கிற பெரிய கம்பெனிகள் இந்தச் செலவையும் சேர்த்து விலை கொடுத்தாக வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், கசடும் பிரிக்க முடியாத கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாகச் சேருகின்றன, அதற்கும் வழி வேண்டும். மழை பெய்யும்போது வெள்ளத்தோடு கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் நின்றபாடில்லை. நீங்கள் ஆற்றோரத்தில் இருப்பவர் என்றால், தண்ணீர் நிறம் மாறியதும் ஒரு பாட்டிலில் பிடித்து, தேதியும் நேரமும் இடமும் எழுதி ஒட்டிவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு உடனே போன் போடுங்கள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் பக்கம் போய்விடும்.