கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் வசதியாகத்தானே வாழ்ந்தார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் சேர்த்தே படித்தேன். 1902லேயே கரண்ட், கிளப், பெரிய ஆஸ்பத்திரி, குட்டி இங்கிலாந்து என்று பட்டப்பெயர், அப்படியென்றால் அங்கே வேலை பார்த்த தமிழர்கள் நன்றாகத்தானே இருந்திருப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக்கு ஏதோ கட்டுரை எழுதுகிறீர்கள் போலிருக்கிறது, இல்லையென்றால் சமீபத்தில் வீடியோ ஏதாவது பார்த்திருக்க வேண்டும். என் தாத்தாவும் அப்பாவும் கர்நாடகாவில் இருக்கும் அந்த ஊர் மைன்ஸில் அண்டர்கிரவுண்ட் இறங்கியவர்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயம் உண்மைதான். காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902ல் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905ல்தான் போனது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே இதைப் பெருமையாகச் சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கம்பி வந்தது எந்திரம் ஓட்ட. ஷாப்டில், அதாவது சுரங்கத்துக்கு இறங்கும் ஆழக் குழியில், கூண்டை இறக்கி ஏற்ற வேண்டும், கல்லை இடித்து மாவாக்க வேண்டும், கீழே ஊறுகிற தண்ணீரை இறைக்க வேண்டும். நிலக்கரி வாங்கி நீராவியில் இதையெல்லாம் செய்தால் கட்டுப்படியாகவில்லை. கரண்ட் வந்த பிறகும் எங்கள் தாத்தா தலைமுறை குடியிருந்தது மூங்கில் தட்டி வைத்து வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், மண் தரையில். பங்களாக்கள் இருந்தன, இல்லையென்று யார் சொன்னார்கள்? அதில் இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். 1876-78ல் வந்த தாது வருஷப் பஞ்சம் முடிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஊரில் ஆண்டை வீட்டு வாசலில் நின்று கூழ் வாங்கியவர்களுக்கு இங்கே கையில் காசாகக் கூலி கிடைத்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் ஆரம்பித்த 'தமிழன்' பத்திரிகையை அவருக்குப் பிறகு 1920களில் தங்கவயலிலிருந்துதான் அப்பாதுரையார் நடத்தினார். பகலில் பாறை உடைத்துவிட்டு ராத்திரி வாசகசாலையில் உட்கார்ந்து படித்த ஜனங்கள். 1930ல் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று ஊரே வேலைக்குப் போகாமல் நின்றது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஏதோ அழுமூஞ்சிக் கதை எழுதுகிறேன், கம்பெனி செய்த நல்லதை மறைக்கிறேன் என்று கமெண்டில் சிலர் வருவார்கள். வரட்டும். நல்லதை மறைக்கவில்லை. ஆனால் வசதி என்று நீங்கள் எதை வைத்து அளக்கிறீர்கள்? நான் நுரையீரலை வைத்து அளக்கிறேன்.

தங்கவயலில் தங்கம் மண்ணில் கிடப்பதில்லை. வெள்ளைக் குவார்ட்ஸ் பாறையின் ரேகைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாக இருக்கும். டிரில் போட்டு, வெடி வைத்து, அந்தக் கல்லை உடைத்து மேலே ஏற்ற வேண்டும். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அது உடையும்போது கிளம்பும் தூசியில் பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், சளியோடு வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத பொடி மட்டும் நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்காரும். உடம்பின் செல்கள் அதை விழுங்கப் பார்க்கும், ஜீரணிக்க முடியாமல் அவையே சாகும். அந்த இடம் தழும்பாகும். தழும்பு மூச்சு விடாது. இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்டபிறகும் உள்ளே வளரும், குணப்படுத்த மருந்து கிடையாது. அந்த நுரையீரலில் டிபி சுலபமாகப் பற்றிக்கொள்ளும். நான் மருத்துவன் இல்லை, ஆனால் இந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை எங்கள் வீட்டுக்கு வந்தது.

1940களில் தங்கவயல் தொழிலாளர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானவர்களுக்கு சிலிகோசிஸ் இருந்தது. குட்டி இங்கிலாந்து என்று எழுதுகிற இடத்தில் இதையும் எழுதுங்கள்.

அப்பா 60களில் வேலைக்குச் சேர்ந்தவர். சாம்பியன் ரீஃப் பக்கம், ஆழ லெவல். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும். கூண்டில் இறங்கும்போது போட்டிருக்கும் சட்டையை ஸ்டோப்புக்கு, அதாவது கல் உடைக்கிற இடத்துக்குப் போவதற்குள் கழற்றிவிடுவார்களாம். ஆனாலும் அப்பா சுரங்கத்தைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவார். 1965ல் அதே சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, காற்று மண்டலத்தில் உருவாகிற நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்களும் ஜப்பான்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து செய்தது. "பெரிய பெரிய விஞ்ஞானிங்க எங்க கூண்டுல நின்னு வந்தவங்கதான்" என்று சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏர் பிளாஸ்ட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கிற பாறையின் எடை முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும். தோண்டி எடுத்த இடத்தில் பிடிமானம் போய்விட்டால் பாறை ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். லைனில் எங்களுக்குத் தெரிவது அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் கடகடவென்று ஆடுவதுதான். ஆடியவுடன் தெருவிலுள்ள பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்பார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஷாப்ட் பக்கம் நடப்பார், ஓட மாட்டார். ஓடினால் ஏதோ ஆகிவிட்டது என்று நாமே முடிவு செய்தது மாதிரி ஆகிவிடும் என்பார். அப்பாவுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. முழு ஆளாகத்தான் மேலே வந்தார்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குள் நான் பெங்களூரில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். எங்கள் ஊர் ஜனங்கள் பாதிப் பேர் போல விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, ராத்திரி திரும்பி வருகிற பிழைப்பு. அப்பாவுக்கு இருமல் கூடிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து, தொடை மேல் தலையணையை வைத்து அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டுதான் தூங்குவார். பெங்களூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே பார்த்தார், டிபி என்றார், மாத்திரை எழுதினார். கோர்ஸ் முடிந்தும் சரியாகவில்லை. திரும்பவும் டிபி மாத்திரை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அப்பாவுக்குத் திட்டு வேறு. நாற்பது வருஷம் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டில் நின்ற மனுஷன், ஒரு வேளை மாத்திரை தவறவிடாதவர், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் வேறொருவர் சொல்லி ஒரு வயதான டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. அப்பா "மைன்ஸ்ல டிரில்லர்ங்க" என்றதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். நுரையீரலின் மேல் பாதி முழுக்க சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். நடுவில் நெறிக்கட்டிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம், முட்டை ஓடு மாதிரி. இது கல் தூசி என்றார்.

1700ல் இத்தாலியில் ரமாசினி என்ற மருத்துவர் எழுதிவைத்தார்: நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. அதற்கும் முன்னால் 1556ல் வந்த சுரங்க நூலில், கார்ப்பாத்திய மலைப்பக்கம் ஏழு கணவர்களை வரிசையாகப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள், எல்லாரையும் தூசிதான் கொண்டுபோனது என்று அக்ரிகோலா எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இது பெரிய பிரச்சினையாகி, 1930லேயே ஜோகன்னஸ்பர்க்கில் சர்வதேச மாநாடு போட்டுப் பேசினார்கள். புது நோய் இல்லை, யாருக்கும் தெரியாத நோயும் இல்லை.

டிபி என்று எழுதுவதற்கும் சிலிகோசிஸ் என்று எழுதுவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். டிபி என்றால் அது ஏழை வீட்டு நோய், பீடி குடித்தான், ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அவன் தலையெழுத்து. சிலிகோசிஸ் என்றால் வேலையால் வந்த நோய், சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். எங்கள் லைனில் எத்தனை வீட்டில் டிபி என்று எழுதியே ஆளை அடக்கம் செய்திருக்கிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அப்பாவின் இறப்புச் சான்றிதழிலும் கடைசியில் டிபி என்றே வந்தது. அதை மாற்ற நான் ஏறி இறங்கிய அலுவலகத்தில், "மைன்ஸே மூடியாச்சு, இப்போ எதுக்கு சார் இது" என்றார்கள்.

தென்னாப்பிரிக்காவில் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2019ல் நீதிமன்றம் சுமார் 500 கோடி ராண்ட் சமரசத் தொகைக்கு ஒப்புதல் கொடுத்தது. அவர்களில் பலர் சுரங்கத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆனவர்கள், இறந்தவர்களின் குடும்பங்களும் உண்டு. நம் நாட்டிலேயே ராஜஸ்தானில் 2019ல் கொள்கை கொண்டுவந்து, சிலிகோசிஸ் என்று சான்று பெற்றவருக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று வைத்தார்கள். அங்கே பெரும்பாலும் கல்குவாரி ஆட்கள். சுரங்கம் மூடினால் கணக்கு முடிந்தது என்று எந்த நியாயமும் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகளுக்கு வேலூரில் கல்லூரி இடம் தேடியபோது, நீங்கள் கர்நாடகா, வேறு மாநிலம் என்றார்கள். எங்கள் பூர்வீக ஊர் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பெங்களூரில் என்றால் நாங்கள் தமிழ்க்காரர்கள், ஏதாவது கலவரம் வந்தால் பஸ்ஸில் வாயைத் திறக்க மாட்டோம். நாலு தலைமுறை ஆகியும் இரண்டு பக்கமும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பாட்டு முதல் மேடை வரை தமிழன் தமிழன் என்கிறவர்களில் எத்தனை பேருக்கு தங்கவயலில் தமிழ்ப் பள்ளிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கம் மூடினாலும் சைனைட் திட்டுகள் அப்படியே நிற்கின்றன. இடித்து மாவாக்கி, சைனைட் தண்ணீரில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், கோடிக்கணக்கான டன். வீடியோ எடுக்க வருகிறவர்கள் அதன் மேலேதான் ஏறி நின்று எடுக்கிறார்கள். சைனைட் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், ஆனால் மூக்கைக்கூட மூடுவதில்லை. அதுவும் அதே குவார்ட்ஸ்தான், மாவாக அரைத்தது. ஆடிக் காற்றடித்தால் வெளியில் காயப்போட்ட துணியில் படியும், சோற்றுத் தட்டில் நறநறவென்று கடிபடும். மைன்ஸுக்குள் ஒரு நாளும் இறங்காத என் அம்மாவும் அதைத்தான் மூச்சில் இழுத்தார். இப்போது அந்தத் திட்டுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கப் போகிறார்கள் என்கிறார்கள், 2024ல் கர்நாடக அமைச்சரவையும் சம்மதம் சொல்லிவிட்டது. வேலை வரும் என்று எங்கள் ஊர்ப் பையன்கள் ஆசையாக இருக்கிறார்கள். எனக்கும் வேலை வர வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்னால், அந்தத் தூசியை எப்படித் தண்ணீர் போட்டு அடக்கப் போகிறீர்கள், இறங்குகிற பையன்களுக்கு வருஷா வருஷம் எக்ஸ்ரே உண்டா, திட்டைச் சுற்றியிருக்கும் லைன் ஜனங்களுக்கு யார் பரிசோதனை செய்வது என்று எழுத்தில் கொடுக்கட்டும்.

கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால் கிளப்பைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்கு வந்தால் லைன் வீடுகளில் அறுபது எழுபது வயதானவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது மைன்ஸிலோ கல்குவாரியிலோ வேலை பார்த்த பெரியவர் இருமிக்கொண்டிருந்தால், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அவருடைய பழைய வேலை அட்டை, சம்பளச் சீட்டு, பழைய எக்ஸ்ரே எதையும் வீடு சுத்தம் செய்யும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இழப்பீடு கேட்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.