துப்பாக்கி இருக்கட்டும், பூட்ஸ் பழகிவிட்டதா? பெருவிலங்கு வேட்டை: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" ரகம். எல்லாவற்றுக்கும் எழுதினால் ஒரே பதிலைப் பத்துத் தடவை எழுத வேண்டியிருக்கும். அதனால் அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். பருவம் வகுத்து, உரிமம் கொடுத்து, எத்தனை விலங்கு என்று கணக்கு வைத்து வேட்டையை அனுமதிக்கும் இடங்களுக்குப் போகிறவர்களுக்கான பதில்கள் இவை.

என்னிடம் நல்ல .308 ரைஃபிள் ஒன்று இருக்கிறது. சின்ன மான்கள் நிறைய அடித்திருக்கிறேன். வரும் பருவத்தில் முதல்முறையாக எல்க் என்ற பெரிய மான் வேட்டை. அதைவிட மருந்து அதிகமுள்ள தோட்டாவைச் சுடும் .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் போகாதே என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கட்டுமா?

வேண்டாம். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், பெரிய உடம்புதான். ஆனால் .308 என்ற தோட்டா வகை வந்தது 1952-இல். ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும் .30-06 வந்தது 1906-இல். இந்த இரண்டும் விழுத்திய எல்க்குகளுக்குக் கணக்கே கிடையாது. 250 மீட்டருக்குள், நுரையீரல் இருக்கும் இடத்தில் பட்டால் போதும். மேக்னம் என்று பெயர் இருப்பதால் விலங்கு இன்னும் அதிகமாகச் சாகப்போவதில்லை.

மேக்னத்தின் உதை உங்கள் ரைஃபிளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தோள் தாங்கிவிடும், மனசுதான் தாங்காது. விசையை அழுத்தும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் பாயும், குண்டு எங்கோ போகும். இதைத் தனக்கு நடப்பதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நண்பரிடம் ரைஃபிளைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு டம்மி தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். டம்மி விழும்போது குழல்முனை எப்படித் துள்ளுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன், அதுவும் பதினைந்து வருட அனுபவத்துக்குப் பிறகு.

செலவழித்தே தீருவேன் என்றால் தோட்டாவில் செலவழியுங்கள். சின்ன மானுக்குப் போதுமான மென்மையான குண்டு எல்க்கின் தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிடலாம். ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு, அல்லது முழுக்கச் செம்பாலான குண்டு, ஆழமாக இறங்கும். செம்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கறியில் ஈயத் துகள் கலக்காது. கலிஃபோர்னியா போன்ற இடங்களில் 2019 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. போகிற இடத்தின் விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். குண்டை மாற்றினால் ஜீரோவையும், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்பதையும், மறுபடி பார்க்க வேண்டும். ஈயக் குண்டு விழும் இடத்திலேயே செம்பு விழாது.

ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கும் இதே பதில்தானா?

இல்லை. அங்கே கதையே வேறு. பல நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 (அங்குலத்தில் குண்டின் விட்டம்) தான் சட்டப்படி குறைந்தபட்ச அளவு. 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இன்றைக்கும் அந்த வேலைக்குச் சரியாகவே பொருந்துகிறது. அதைவிடப் பெரிய .458-க்குத் தாவாதீர்கள். உங்களால் பதற்றமில்லாமல் சுட முடிகிற .375, பயந்துகொண்டே சுடும் .458-ஐவிட எத்தனையோ மேல். சுடும் தூரம் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான். மேசையில் ரைஃபிளைச் சாய்த்துச் சுடும் பயிற்சியை விட்டுவிட்டு, முக்கோல் தாங்கியில் நின்றபடி சுட்டுப் பழகுங்கள். முதல் குண்டு பட்டதும் நின்று வேடிக்கை பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றும் பழக்கமும் வேண்டும். ஒரே ஒரு வேட்டைக்காக இதை வாங்க வேண்டாம் என்று தோன்றினால், வேட்டை நடத்துபவரிடமே வாடகைக்குக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுடும் களத்தில் நூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையாக விழுகிறது. 400 மீட்டர் வரை சுடலாம் என்று நம்புகிறேன். சரிதானே?

ஒரே ஓட்டை போட்டது உங்கள் ரைஃபிளும் மணல் மூட்டையும். உங்களுடைய பங்கு அதில் எவ்வளவு என்று இன்னும் தெரியாது.

மேசை எதற்கு என்றால் ஜீரோ செய்ய. ஸ்கோப்பில் (ரைஃபிள்மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் நூறு மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் 14 கிளிக். அது முடிந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். ஒரு மானின் உயிர்நிலை கிட்டத்தட்ட அந்த அளவுதான். எல்க்குக்கு இன்னும் கொஞ்சம் பெரிது, ஆனாலும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டர் ஓடிப்போய்த் திரும்பி வந்து, மூச்சிரைக்க உட்கார்ந்தபடி ஐந்து குண்டு. அப்புறம் முழங்கால் போட்டு ஐந்து. முதுகுப்பைமேல் குழலைச் சாய்த்துப் படுத்தபடி ஐந்து. எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிறதோ, அதுதான் அந்த நிலையில் உங்கள் எல்லை. உட்கார்ந்தால் 200, படுத்தால் 280 என்று வந்தால் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரைஃபிளின் கட்டையில் ஒட்டிவிடுங்கள். மலையில் ஆசை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். தாள் அப்போது உதவும்.

இன்னொன்று. வேட்டையில் கணக்கில் வருவது முதல் குண்டு, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. தினம் காலையில் ஒரே ஒரு குண்டு சுட்டு, அது எங்கே விழுகிறது என்று குறித்து வைத்தீர்கள் என்றால், பத்து நாளில் உங்கள் ரைஃபிளைப் பற்றி ஒரு பெட்டி தோட்டா சொல்லாததைத் தெரிந்துகொள்வீர்கள். வீட்டில், தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெறும் விசையை அழுத்திப் பழகுவதும் நல்லது. செலவும் இல்லை, சத்தமும் இல்லை.

ஸ்கோப், பைனாகுலர் இரண்டில் ஒன்றுதான் நல்லதாக வாங்க முடியும். எதை?

பைனாகுலர். ஸ்கோப்பில் ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் பார்த்தால் அதிகம். பைனாகுலரில் மணிக்கணக்காகப் பார்ப்பீர்கள். மட்டமான கண்ணாடி என்றால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும், அப்புறம் பார்ப்பதையே நிறுத்திவிடுவீர்கள். 8x42 என்றால் 8 மடங்கு பெருக்கம், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். அந்த 42-ஐ பெருக்கத்தால் வகுத்தால் கண்ணில் விழும் ஒளிவட்டம் கிடைக்கும்: 8x42 என்றால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 10x42 என்றால் 4-க்குச் சற்று மேல். விலங்குகள் நடமாடும் அந்த மங்கல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியும். அடர்ந்த காடு என்றால் 8, திறந்த மலைச்சரிவு என்றால் 10, கூடவே சின்ன முக்காலி. முக்காலியில் வைத்துப் பார்த்தால் கையில் பிடித்துப் பார்த்தபோது புதராகத் தெரிந்தது காதை ஆட்டும்.

ஸ்கோப்புக்கு 3-9x40 (3 முதல் 9 மடங்கு வரை மாற்றலாம்) தாராளம். ஆனால் அதைப் பிடிக்கும் வளையங்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தூரத்தில் தெரிவது விலங்கா என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்காதீர்கள். அந்தப் பக்கம் இருப்பது மனிதனாக இருந்தால் நீங்கள் அவன்மேல் துப்பாக்கியைக் குறிவைத்திருக்கிறீர்கள்.

பூட்ஸ் வாங்கிவிட்டேன், நல்ல கனமானது. வேட்டைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வேறென்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு நடங்கள். இன்றைக்கே.

என்னுடைய மிகப் பெரிய முட்டாள்தனம் இந்த விஷயத்தில்தான். கடைக்காரர் "பழக்க வேண்டியதே இல்லை, அப்படியே போகலாம்" என்றார், நானும் நம்பினேன். முதல் நாள் மதியத்துக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இரண்டாம் நாள் கொப்புளம் உடைந்தது. மூன்றாம் நாள் கூடாரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் சுட்டுப் பழகியதெல்லாம் இரண்டு குதிகாலில் முடிந்தது.

சுமையோடு, ஏற்ற இறக்கத்தில், அதே சாக்ஸோடு நடந்து பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் பூட்ஸ் சிறியது, மாற்றிவிடுங்கள். விரல் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த உடனேயே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவது ஆறுதலுக்குத்தான். சாக்ஸ் கம்பளியாக இருக்கட்டும். உள்ளாடையும் அப்படியே. பருத்தி நனைந்தால் காயாது, குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இறகு அடைத்த மேற்சட்டை நடக்கும்போது பைக்குள் இருக்க வேண்டும், உட்காரும்போது உடம்பில். பலரும் மாற்றிச் செய்து வேர்த்து நனைந்து, அப்புறம் நடுங்குகிறார்கள்.

உடற்பயிற்சி எவ்வளவு தேவை? தினமும் ஓடுகிறேன்.

ஓட்டம் நல்லது, ஆனால் மலையில் யாரும் ஓடுவதில்லை. முதுகில் சுமையோடு படி ஏறுங்கள். பத்து கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், மூன்று மாதமாவது. படி இறங்குவதும் பயிற்சிதான், தொடை நடுங்குவது அப்போதுதான். 2,500 மீட்டருக்கு மேல் போகிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு நாள் முன்பே போய்ச் சும்மா இருங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் இறங்கிவிடுங்கள்.

ஆரஞ்சு நிற மேலங்கி கட்டாயம் என்கிறார்கள். மான் பார்த்துவிடாதா? மறைவு உடைக்கு இவ்வளவு செலவழித்தது வீணா?

மானின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. ஆரஞ்சு அதற்கு மங்கலான ஏதோ ஒரு நிறம். மற்ற வேட்டைக்காரர்களுக்கு நீங்கள் தெரிவதுதான் அதன் வேலை. ஆனால் நீலமும் புற ஊதாவும் மானுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆகவே நீல ஜீன்ஸ் வேண்டாம், வெண்மையைக் கூட்டும் சலவைத்தூளில் அந்த உடைகளைத் துவைக்கவும் வேண்டாம். அப்படித் துவைத்தால் உங்கள் விலையுயர்ந்த உடை மானின் கண்ணுக்குப் பளபளத்துக்கொண்டிருக்கும்.

உண்மையில் உங்களைக் காட்டிக்கொடுப்பது அசைவும் வாசனையும். வாசனையை அழிக்கும் திரவங்களை நான் நம்புவதில்லை. காற்றை நம்புவேன். பொதுவாக, குளிர்ந்த காற்று இரவிலும் விடியற்காலையிலும் சரிவில் கீழே வழியும். வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலே எழும்பும். மாலையில் மறுபடி இறங்கும். அதனால் காலையில் விலங்குக்குக் கீழேயிருந்து நெருங்குங்கள், நடுப்பகலில் மேலேயிருந்து. மாறும் நேரத்தில் காற்று சுழலும், அப்போது நகராமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒரு சின்னக் குப்பியில் டால்கம் பவுடர் வைத்து அவ்வப்போது பீய்ச்சிப் பாருங்கள். பையில் இருப்பதிலேயே மலிவான கருவி அதுதான்.

சுட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பையில் என்ன இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. வேட்டையின் கடினமான பாதி அதற்கப்புறம்தான்.

முதலில் எதுவும் செய்யாமல் இருங்கள். நின்ற இடத்தையும் விலங்கு நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டு அரை மணி காத்திருங்கள். பிறகு ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், இன்னும் சில மணி நேரம். பச்சையாகத் தீனி கலந்திருந்தால் குடல். அரை நாள்கூடக் காத்திருக்க நேரும். அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து ஓடும், கிடைக்காமலே போகும். ரத்தமே இல்லை என்றாலும் தேடாமல் வராதீர்கள். தடித்த தோலும் கொழுப்பும் காயத்தை அடைத்துவிடுவதுண்டு.

கறியைக் கெடுப்பது சூடு. தோலை உடனே உரித்து, காலை இடுப்பு மூட்டிலிருந்து பிரியுங்கள். எலும்பை ஒட்டிய சூடு தங்கினால் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே கெட்டு நாறும். காற்றுப் புகும் துணிப் பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். அதனால் பையில் இரண்டு கத்தி அல்லது பிளேடு மாற்றும் கத்தி, துணிப் பைகள் நாலைந்து, கயிறு, தலைவிளக்கு இரண்டு (ஒன்று கண்டிப்பாக அணையும்), கையுறை. ஒரு எல்க்கைத் தனியாளாகச் சுமந்து இறக்க நான்கைந்து நடை ஆகும். சுடுவதற்கு முன்பே நேராகக் கீழே பார்த்து, "இங்கிருந்து எப்படிக் கொண்டுபோவது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் விசையைத் தொடாதீர்கள்.

விமானத்தில் ரைஃபிளோடு போகிறேன். ஏதாவது சிக்கல்?

நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி, போகும் நாட்டின் தற்காலிக இறக்குமதி உரிமம், பூட்டிய கெட்டிப் பெட்டி. வழியில் இறங்கி மாறும் நாட்டுக்கும் தனி அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள், அதில்தான் பலர் சிக்குகிறார்கள். தோட்டா ஓர் ஆளுக்கு 5 கிலோ வரைதான், அதற்குரிய பெட்டியில், கைப்பையில் அல்ல. போய் இறங்கியதும் ஓய்வெடுப்பதற்கு முன் மூன்று குண்டு சுட்டு ஜீரோவைப் பார்த்துவிடுங்கள். கடும் குளிர் என்றால் போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், உறைந்து இறுகும். இரவில் ரைஃபிளைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள், கண்ணாடியில் நீர் படியும். வெளியே, தோட்டா எடுத்துவிட்டு, உறைக்குள் இருக்கட்டும்.

வேட்டைக்குப் போவது என் கணவர். நான் வீட்டில் இருந்து கவலைப்படுகிறவள். எனக்கு ஏதாவது சொல்ல முடியுமா?

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கடைசியில் வந்திருக்கிறது. கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை அவர் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள், முதுகுப்பையில் அல்ல. விழுகிறவன் பையை விட்டுத்தான் விழுவான். ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டையும் உடம்போடு இருக்கட்டும். காட்டில் கத்தியால் வரும் காயம் நிறைய.

கிளம்பும் முன் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: வண்டி நிற்கும் இடம், கூடாரம் எங்கே, எந்தெந்த நாளில் எந்தச் சரிவு, தகவல் வரவில்லை என்றால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும். அந்த நேரம் வந்துவிட்டால் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே" என்று தயங்காதீர்கள், கூப்பிட்டுவிடுங்கள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து கோபித்தாலும் பரவாயில்லை.