88,000 கோடியில் யாருக்கு எவ்வளவு?

கேள்வி: 2025-26 மத்திய பட்ஜெட்டில் பெண்களுக்கென்று 4.49 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழக அரசோ வீட்டில் இருக்கும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. இதற்கு மேலும் அரசு என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த 4.49 லட்சம் கோடி எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பாருங்கள். 2005-06 முதல் ஒன்றிய அரசு பட்ஜெட்டோடு பாலின பட்ஜெட் அறிக்கை ஒன்றையும் வைத்துவருகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ‘அ’ பகுதியிலும், குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குப் போய்ச் சேரும் திட்டங்கள் ‘ஆ’ பகுதியிலும், அதற்கும் குறைவானவை 2024-25இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட ‘இ’ பகுதியிலும் இடம்பெறுகின்றன.

2023-24இல் ‘அ’ பகுதியின் மொத்தத் தொகை சுமார் 88,000 கோடி ரூபாய். அதில் 79,500 கோடிக்கு மேல் பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் ஒன்றுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. வீடு மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்ற விதி நல்ல விதிதான். பத்திரத்தில் பெயருள்ள பெண்ணை வீட்டை விட்டு விரட்டுவது அத்தனை எளிதல்ல. ஆனால் கணவர், மாமனார், பிள்ளைகள் என எல்லோரும் குடியிருக்கும் வீட்டைக் கடைசிச் செங்கல் வரை பெண்ணின் பற்றில் எழுதுவது, கல்யாணச் செலவு முழுவதையும் மணப்பெண்ணின் புடவைக் கணக்கில் சேர்ப்பதற்குச் சமம். மொத்த பட்ஜெட்டில் பெண்களுக்கான பங்கு 2025-26இல், ஒரே ஆண்டில், 6.8 விழுக்காட்டிலிருந்து 8.86 விழுக்காடாக உயர்ந்ததிலும், கணக்குக் காட்டும் துறைகளின் எண்ணிக்கை கூடியதற்குப் பங்கு உண்டு. உயர்ந்தது முழுவதும் புதுப் பணம் அல்ல.

அடுத்து, ‘வீட்டில் இருக்கும் பெண்கள்’ என்கிறீர்கள். அவர்கள் அங்கே சும்மா இருக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதில் 289 நிமிடங்களைச் செலவிடுகிறார். அதே வேலையில் ஈடுபடும் ஆணுக்கு 88 நிமிடங்கள் போதுமாக இருக்கின்றன. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தரப்படும் அந்த ஆயிரம் ரூபாய்க்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்ததை நான் அதனால்தான் வரவேற்கிறேன். ஆயினும், சமைத்து, துவைத்து, பிள்ளையையும் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரையும் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி கூலி வேலைக்குப் போக நினைத்தால், அவளுக்கு ஆயிரம் ரூபாயைவிட அவசரமாகத் தேவைப்படுவது அந்தப் பிள்ளையை நம்பி விட்டுச் செல்ல ஓர் இடம்.

அந்த இடம் அங்கன்வாடி. அதை நடத்தும் ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தம் பங்குக்குக் கூட்டித் தருகின்றன. இதைச் சம்பளம் என்று சொன்னால் குறைந்தபட்ச ஊதிய விதிகள் குறுக்கே வரும் என்பதாலோ என்னவோ, ‘மதிப்பூதியம்’ என்கிறார்கள். கைம்பெண்களின் கதை இதைவிட மோசம். இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத்தில் 80 வயதுக்கு உட்பட்டோருக்கான ஒன்றிய அரசின் பங்கு 2012இல் 300 ரூபாய் ஆனது. 2025இலும் அதே 300தான். தமிழ்நாட்டில் 2023இல் ஓய்வூதியம் 1,200 ரூபாயாக உயர்ந்தபோது, அந்தக் கூடுதல் தொகையை மாநில அரசுதான் ஏற்றுக்கொண்டது.

‘என்னதான் செய்ய வேண்டும்’ என்று கேட்டீர்கள். அந்த 300 ரூபாயை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தட்டும். அங்கன்வாடி ஊழியரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டு குறைந்தபட்ச ஊதியமாவது தரட்டும். பகலுணவு முடிந்ததும் பூட்டாமல், தாய் வேலை முடிந்து திரும்பும் வரை மையத்தைத் திறந்து வைக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவைத் தாராளமாக ‘அ’ பகுதியில் எழுதிக்கொள்ளலாம். நான் கேள்வி கேட்க மாட்டேன்.