அரைமண்டியும் ரெனிஸ் பந்தும்: ஆடுவோரின் கால் நோவுக்குச் சில பதில்கள்

நவராத்திரி ஒத்திகைகள் தொடங்கிவிட்டதால் கால் உளைவு பற்றிய கேள்விகள் குவிந்திருக்கின்றன. இயன்மருத்துவராகவும் சிறுவயது முதல் பரதம் ஆடுபவளாகவும் பதில் சொல்கிறேன்.

கொக்குவில் மாணவி: அக்கா, அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி தாழ்ந்த நிலையில், இருந்தால் முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் நோகிறது. தினமும் முழங்காலை உருவியும் மாறவில்லை.

முழங்காலை விடுங்கள், தங்கச்சி. நோ அங்கே தெரிகிறது. பிறப்பது பெரும்பாலும் இடுப்பில். அரைமண்டியில் தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அது போதாதபோது பாதத்தை மட்டும் பலவந்தமாகத் திருப்பி வைக்கிறோம். முழங்கால் முன்னால் விழும், பாதத்தின் உள்வளைவு சரியும், முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும்.

ரெனிஸ் பந்தைக் காலுறைக்குள் போட்டு, பிட்டத்தின் பக்கவாட்டுக்கும் சுவருக்கும் இடையில் வைத்துச் சாயுங்கள். முழங்காலைச் சற்று மடித்து மெல்ல நகர்ந்தால் இறுகிய புள்ளி ஒன்று அகப்படும். அங்கே நின்று நான்கைந்து நீண்ட மூச்சு விடுங்கள், இளகத் தொடங்கும். கால் விறைத்தாலோ சுரீரென்று கீழே இழுத்தாலோ பந்து நரம்பை அழுத்துகிறது, உடனே தள்ளி வையுங்கள். அடுத்து, குப்புறப் படுத்து முன்தொடையை உடற்பயிற்சிக்கான நுரை உருளையில் உருட்டுங்கள். முழங்காலுக்கு மேலேயே நிறுத்திவிடுங்கள்.

பிறகு கண்ணாடி முன் அரைமண்டியில் இருந்து, முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பாதத்தைக் குறைவாகத் திருப்புங்கள். இதைத் திருத்தாமல் எத்தனை பந்து உருட்டினாலும் நாளைக்கும் அதே நோதான்.

சாவகச்சேரி: காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது. வகுப்பு சீமெந்துத் தரையில்.

உள்ளங்காலின் தடித்த சவ்வு நொந்திருக்கலாம். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, கதிரையில் இருந்தபடி பாதத்தின் கீழ் சில நிமிடம் உருட்டுங்கள். கெண்டைக்காலையும் உருவிவிட வேண்டும். அது இறுகினால் குதிகாலை மேலே இழுத்துப் பிடிக்கும். வெறும் பாதத்தால் அறையும் தட்டடவைச் சீமெந்து கொஞ்சமும் தாங்கிக்கொள்ளாது. நோ இருக்கும் நாட்களில் கணக்கை மட்டும் மெல்லத் தட்டுங்கள்.

பருத்தித்துறைத் தாய்: மகளுக்குப் பத்து வயது. வகுப்புக்கு முன் நல்லெண்ணெய் பூசி உருவிவிடலாமா?

வகுப்பு முடிந்த பிறகு பூசுங்கள், அம்மா. உள்ளங்கையால், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, பிள்ளை முகம் சுளிக்காத அளவுக்கு உருவினால் போதும். முழங்காலின் பின்குழியை அழுத்த வேண்டாம். ஆடும் முன் பூசினால் பாதத்தில் ஒட்டிய எண்ணெய் வழுக்கும்.

மானிப்பாய்: முன்னங்கால் எலும்பில் நோ. அடுத்த மாதம் அரங்கேற்றம். பந்தால் அழுத்தலாமா?

கூடாது. எலும்பின் மேல் எதையும் உருட்டாதீர்கள். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நோகிறதா? இரவில், ஓய்விலும் நோகிறதா? அப்படியானால் எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும். இன்றே ஆடுவதை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால் படம் சுத்தமாக வந்தாலும் நோ இருக்கும்வரை ஆட வேண்டாம். மண்டபம் பதிவாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டையும் மாற்றலாம். விரிசல் கண்ட எலும்போடு வர்ணம் ஆட முடியாது.

நல்லூர்: மேடை ஏறும் முன் உருளை பாவிக்கலாமா?

பாவிக்கலாம். ஒரு தசைக்கு ஒரு நிமிடத்துக்குள் முடித்து, உடனே மெதுகாலத்தில் அடவு செய்து உடம்பைச் சூடாக்குங்கள். உருளை தரும் இளக்கம் சில நிமிடங்களே நிற்கும்.

நடன ஆசிரியை, சுன்னாகம்: பிள்ளைகளுக்குப் பழக்க நினைக்கிறேன். எவ்வளவு அழுத்தம் சரி?

மூச்சை அடக்காமல் தாங்கக்கூடிய அளவு, ரீச்சர். தாங்கவே முடியாத நோ பத்து என்றால், ஐந்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். மறுநாள் கன்றிப்போயிருந்தால் அழுத்தம் கூடிவிட்டது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் யாரும் அதை உருவக்கூடாது. இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.