கதவு திறந்ததும் தடுமாறுகிறீர்களா? பார்சல் கொடுப்பதில் ஒரு பழக்கம் வேண்டும்

கேள்வி: டெலிவரி வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. முகவரி தேடுவதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் கதவு திறந்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் முழிக்கிறேன். அரைகுறை உடையோடு வந்து நிற்கிறார்கள், உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார்கள், "நான் ஆர்டரே போடலையே" என்று கோபப்படுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: இந்தத் தடுமாற்றம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் வீட்டு வாசலில் நேருக்கு நேர் நிற்கிறார்கள், யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. அந்த முதல் பேச்சை நீங்களே எடுத்துக்கொண்டால் பாதிச் சங்கடம் வராது.

பெல் அடித்த கையோடு இரண்டடி பின்னால் வந்து, சற்று ஒதுங்கி நில்லுங்கள். கதவுத் துளை வழியாகப் பார்ப்பவருக்கு உங்கள் முழு உருவமும் கையிலிருக்கும் பார்சலும் தெரியும். உங்கள் பார்வையும் நேராக வீட்டுக்குள் போகாது. கதவு திறந்ததும், "பார்சல் வந்திருக்கு, யார் பேர்ல ஆர்டர் போட்டீங்க?" என்று கேளுங்கள். பெயரை நீங்களே படித்தால் யார் வேண்டுமானாலும் "ஆமா" என்று தலையாட்டிவிடலாம். பெயர் அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

கொடுக்கும் விதத்திலும் ஒரு பக்குவம் உண்டு. பெட்டியின் அடியில் இரு உள்ளங்கைகளையும் வைத்து நீட்டுங்கள். பக்கங்களை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், விரல்கள் உரசாது. எடை அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகே கையை எடுங்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கண்ணாடிச் சாமான் பெட்டி எனக்கும் வாங்கியவருக்கும் நடுவே விழுந்தது. அவர் பிடித்துவிட்டார் என்று நான் நினைத்தேன், நான் பிடித்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார். உள்ளே சிதறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அரைகுறை உடையில் வந்தால் உங்கள் கண் லேபிளில் இருக்கட்டும், பேச்சு எப்போதும்போல இருக்கட்டும். "போய் மாத்திட்டு வாங்க" என்று சொன்னால் கூச்சம்தான் கூடும்.

உள்ளே வரச் சொன்னால், "வாசல் வரைக்கும்தாங்க எங்களுக்கு அனுமதி" என்று நிறுவனத்தின் மேல் போட்டுவிடுங்கள், அவர்களுக்கும் மனத்தாங்கல் வராது. தூக்க முடியாத முதியவர் என்றால், நீங்கள் வெளியே நின்றபடியே நிலைப்படிக்கு உள்பக்கம் பெட்டியை நகர்த்தி வைக்கலாம். இதில் விதியைவிட மனசு சொல்வதைக் கேட்பது நல்லது என்பது என் கருத்து.

குழந்தை மட்டும் கதவைத் திறந்தால் "வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். தனியாக இருக்கும் விஷயத்தை வெளியாளிடம் சொல்ல அது பழக்கிவிடும். "பெரியவங்களைக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லுங்கள். யாரும் வரவில்லை என்றால் பார்சலைக் கொடுக்காமல் வெளியே வந்து ஆர்டர் போட்டவருக்குப் போன் செய்யுங்கள்.

பார்சலைக் கண்ணில் காட்டாமல் ஓடிபி கேட்காதீர்கள். கீழே நின்று போனில் கேட்டால் அவர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். ரொக்கம் என்றால் அவர்கள் கண்முன்னே வாய்விட்டு எண்ணிவிட்டுப் பையில் வையுங்கள்.

"ஆர்டர் போடலை" என்பவரிடம் வாதாட வேண்டாம். வீட்டில் வேறு யாராவது போட்டிருக்கலாம், யாரோ அனுப்பிய பரிசாகவும் இருக்கலாம். அதனால் லேபிளில் உள்ள பொருளின் பெயரை உரக்கப் படிக்காதீர்கள். ஆப் வழியாக ஆர்டரில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், "சரிங்க, திருப்பி அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே காரணத்தைப் பதிவு செய்யுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் "உள்ளே ஒண்ணும் ஆகியிருக்காது" என்று சமாதானம் சொல்லாதீர்கள், அது உங்களுக்கே தெரியாது. பிரிப்பதற்கு முன் அவர் முன்னிலையில் படம் எடுங்கள்.

அவிழ்த்துவிட்ட நாய், குடிபோதை, வழிமறிப்பு என்றால் பேச்சே வேண்டாம். வண்டிக்கு வந்து மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், பார்சல் கொடுத்த பதிவைத் தெருமுனைக்குப் போய் ஆப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். பிறகு புகார் வந்தால், எந்த இடத்தில் எந்த நேரத்தில் பதிவானது என்பதைத்தான் பார்ப்பார்கள். வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால், கதவும் பார்சலும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். அதில் யார் முகமும் விழ வேண்டாம்.