ஐம்பது ஓவர் இனி எதற்கு? – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

2023 பொங்கலன்று நண்பர்களோடு தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானத்துக்குப் போய் இந்தியா – இலங்கை ஒருநாள் ஆட்டம் பார்த்தேன். இந்தியா 390. இலங்கை 22 ஓவரில் 73-க்குச் சுருண்டது. அரங்கின் பெரும்பகுதி காலி. அதே மைதானத்தில் 2017-இல் மழையால் எட்டு ஓவராகக் குறைத்த நியூசிலாந்து டி20 கடைசி ஓவர் வரை போய், இந்தியா ஆறு ரன்னில் ஜெயித்தது. நம் ஊர் டோர்னமென்ட்டிலும் எட்டு ஓவர்தான், யாருக்கும் குறையில்லை. டெஸ்ட் இருக்கட்டும், அது வேறு ஆட்டம். ஒருநாள் போட்டியை நிறுத்திவிட்டு டி20 மட்டும் வைத்தால் என்ன? இல்லை, 40 ஓவராகவாவது குறைக்கலாமே? பிளஸ் டூ படிக்கும் என் மகன் ஒருநாள் ஆட்டம் என்றால் ஹைலைட்ஸ் மட்டும்தான் பார்க்கிறான்.

ச., தக்கலை

அன்புள்ள ச.,

அந்தக் காரியவட்டம் ஆட்டத்தை நான் டிவியில் பார்த்தேன். 317 ரன் வித்தியாசம். அன்றைய தேதிக்கு ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் ரன் கணக்கில் அதுதான் மிகப் பெரிய வெற்றி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மூன்று ஆட்டத் தொடரில் அது மூன்றாவது. முதல் இரண்டையும் இந்தியா ஏற்கெனவே ஜெயித்திருந்தது. தொடர் யாருக்கு என்று முடிவான பிறகு, பொங்கலும் அதுவுமாக, யார் வருவார்கள்? இருபது ஓவர் ஆட்டமாக இருந்தாலும் அன்றைக்கு அரங்கு நிறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதற்கென்றே தெரியாமல் நடக்கும் இருதரப்புத் தொடர்களைக் குறைக்க வேண்டும் என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி கொடுத்து உலகக் கோப்பைத் தகுதியோடு இணைத்த சூப்பர் லீக் 2020-இல் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. 2023 உலகக் கோப்பையோடு அதைக் கைவிட்டார்கள். கோபப்பட வேண்டியது அதற்கு.

நம் ஊர் டோர்னமென்ட்டுக்கு வருகிறேன். கும்பப்பூ அறுப்பு முடிந்த வயலில் ஸ்டம்பு நட்டு, பதினாறு டீமை வைத்து, இருட்டுவதற்குள் ஃபைனலை முடித்துக் கோப்பை கொடுத்தாக வேண்டும். எட்டு ஓவர்தான் முடியும். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஏழாவதாக இறங்க வேண்டிய பையனைக் கவனித்திருக்கிறீர்களா? காலையிலிருந்து பேட் கட்டிக்கொண்டு நிற்பான், பல நாள் ஒரு பந்துகூட ஆடாமல் வீட்டுக்குப் போவான். முதல் ஓவரில் பதினெட்டு ரன் கொடுத்தவன் கையில் அன்றைக்கு மறுபடி பந்து வராது. அவன் எங்கே தப்பு செய்தான், அதைத் திருத்திக்கொள்ளத் தெரியுமா என்று பார்க்க அந்த ஆட்டத்தில் நேரமே இல்லை. இடமும் வெளிச்சமும் காசும் இல்லாததால் நாம் செய்துகொண்ட ஏற்பாடு அது. எல்லாம் உள்ளவர்களும் அதைப் போலவே ஆடட்டும் என்று நாம் ஏன் கேட்க வேண்டும்?

டி20 மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2024 டி20 உலகக் கோப்பையின் பார்படாஸ் ஃபைனலில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை என்றிருந்த இடத்திலிருந்து இந்தியா ஆட்டத்தைத் திருப்பியது. கடைசி ஓவரில் சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்த அந்த கேட்சை இன்னும் எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். ஆனால் விழுந்த அணி எழுந்து நிற்பதற்கு அவகாசம் வேண்டும். அது ஒருநாள் ஆட்டத்தில்தான் இருக்கிறது.

2023 அக்டோபர் 8, சேப்பாக்கம், உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம். ஜடேஜா பத்து ஓவர் போட்டு 28 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியா 199-க்கு ஆல் அவுட். சுலபம் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டு ஓவரில் இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். ரோஹித், இஷான் கிஷன், ஷ்ரேயஸ் மூவரும் பூஜ்யம். சென்னை வெயிலில் ஆஸ்திரேலிய இன்னிங்ஸ் முழுக்க கீப்பிங் செய்த கே.எல். ராகுல் மூச்சு வாங்குவதற்குள் பேட்டோடு வர வேண்டியதாயிற்று. அவரும் கோலியும் அவசரப்படவில்லை. கோலி 12-இல் இருந்தபோது கொடுத்த கேட்சை மார்ஷ் விட்டார், அதன் பிறகு இருவரும் ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 165 ரன் கூட்டணி, 215 பந்து. டி20-யில் ஒரு அணிக்குக் கிடைப்பதே 120 பந்துதான். அங்கே 2-க்கு 3 என்றால் அடுத்து வருபவர் கண்ணை மூடிக்கொண்டு சுற்ற வேண்டும், வேறு வழியில்லை. ராகுல் கடைசியில் சிக்ஸர் அடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார், 97 நாட் அவுட். பதினைந்தாவது ஓவரில் அவர்கள் அடிக்காமல் விட்ட பந்துகள் எனக்கு அந்தக் கடைசி சிக்ஸரைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

டெஸ்ட் இருக்கிறதே என்கிறீர்கள். ஆண்களுக்குச் சரி. பெண்களுக்கு? வருடத்துக்கு ஒன்றிரண்டு டெஸ்ட் கிடைத்தாலே பெரிது, பல நாடுகளுக்கு அதுவும் கிடையாது. அவர்களுக்கு நீண்ட ஆட்டம் என்றால் அது ஐம்பது ஓவர்தான். அவர்களுடைய முதல் உலகக் கோப்பை 1973-இல், ஆண்களுக்கு இரண்டு வருடம் முன்பே நடந்தது. 2025 அக்டோபர் 30-ஆம் தேதி பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338-ஐ இந்தியா துரத்தியபோது ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 நாட் அவுட். சந்தித்த பந்துகள் 134. மூன்று நாள் கழித்துக் கோப்பை நம் கைக்கு வந்தது. ஒருநாள் ஆட்டத்தை எடுத்துவிட்டால் அப்படி ஓர் இன்னிங்ஸ் ஆட அந்தப் பெண்ணுக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது?

அப்புறம் உங்கள் 40 ஓவர். இந்திய அணியின் முன்னாள் பயிற்சியாளர் ரவி சாஸ்திரியும் 2022-இல் இதையே சொன்னார். ஐம்பது என்ற எண்ணில் ஒன்றும் புனிதம் இல்லைதான். 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் நடந்த முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம் 40 ஓவர்தான், ஆனால் ஓவருக்கு எட்டு பந்து. மொத்தம் 320, இன்றைய ஐம்பது ஓவரைவிட இருபது பந்து கூடுதல். 1983-இல் கபில் கோப்பை வாங்கியது அறுபது ஓவர் ஆட்டத்தில். 1987-இல் உலகக் கோப்பை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தபோது இங்கே பகல் வெளிச்சம் குறைவு என்று ஐம்பதாக்கினார்கள். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. எந்த ஓவர்களை வெட்டுவீர்கள்? முதல் பத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள், கடைசிப் பத்திலும் மாட்டார்கள். குறைவது எப்போதும் நடுவில்தான். கோலியும் ராகுலும் ஆடிய அந்த நடு ஓவர்கள்.

நடு ஓவர் சலிப்பாகிவிட்டது என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு நீளம் காரணமில்லை. 2011 அக்டோபரிலிருந்து முனைக்கு ஒன்றாக இரண்டு புதுப் பந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் பழசாகும். பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளையும் ரிவர்ஸ் ஸ்விங் ஏறக்குறையக் காணாமல் போயிற்று, தேய்ந்த பந்தைப் பிடித்துத் திருப்பும் ஸ்பின்னருக்கும் வேலை குறைந்தது. பேட்ஸ்மேன் பயப்பட ஒன்றுமில்லாத ஆட்டத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? 2025 ஜூலையில் இதைப் பாதி திருத்தினார்கள். 34 ஓவருக்குப் பிறகு இரண்டில் ஒரு பந்தை ஃபீல்டிங் அணி தேர்ந்தெடுத்து, மீதி ஓவர்களை அதிலேயே போடலாம். என்னைக் கேட்டால் தொடக்கத்திலிருந்தே ஒரு பந்து போதும்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஹைலைட்ஸில் அந்த 215 பந்தில் பவுண்டரிகள் மட்டும்தான் வரும். விடுமுறையில் அந்த சேப்பாக்கம் ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸை முழுசாக அவனோடு உட்கார்ந்து பாருங்கள், 42-வது ஓவரிலேயே முடிந்துவிடும். 2027-இல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் 14 அணிகளோடு அடுத்த உலகக் கோப்பை வருகிறது, அதையும் பார்க்கட்டும். அதன் பிறகும் டி20 போதும் என்று சொன்னால் அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவனுக்கும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.