கொண்டை ஊசி வளைவில் கேட்கும் 'டக் டக்' ஓசை

ஊட்டி அருகிலுள்ள கல்லட்டி மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும்போது மட்டும் காரின் முன்பக்கம் 'டக் டக்' என்று கேட்பதாகவும், நேர்ச்சாலையில் அது நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிக்கியில் ஜாக்கி உருளவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பலருக்கு அதுவே காரணமாக இருந்திருக்கிறது. தங்களுடையது முன்சக்கர இழுவை வண்டி என்பதால், என் சந்தேகம் ஆக்சிலின் வெளிப்புற சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பிய நிலையிலும் இன்ஜினின் சுழற்சியை அதற்குக் கடத்தும் இணைப்பு) மீதே விழுகிறது. சக்கரம் நன்றாகத் திரும்பிய நிலையில் இன்ஜினின் இழுவையும் சேரும்போதுதான் அதனுள் தேய்ந்த குண்டுகள் இப்படிச் சத்தமிடும். சமதளமான காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வண்டியை மெதுவாக நகர்த்துங்கள்: இடப்பக்கம் ஒடிக்கையில் ஓசை கூடினால், பெரும்பாலும் வலது ஜாயின்ட்தான் பழுது. பிறகு வண்டியை நிறுத்தி, அந்தச் சக்கரத்தின் உட்புறம் டார்ச் அடித்து, ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகளில் வெடிப்பும் ரிம்மின் உள்விளிம்பில் தெறித்த கருப்புக் கிரீஸும் தென்படுகின்றனவா என்று பாருங்கள். சத்தம் தொடங்கிய பின் உறையை மட்டும் மாற்றிக் கிரீஸ் அடைப்பது வீண்செலவு. ஜாயின்டையே மாற்றச் சொல்லுங்கள்.